ஏற்றத்தில் வந்ததும் இருக்கையில் வந்ததும்

நெஞ்சில் என்ன வந்தாலும் எங்கள் வீட்டில் மூன்றே மருந்துதான். முதலில் கோலி சோடா. அதற்குக் கேட்கவில்லை என்றால் ஓமத்தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் மருதமலை விபூதி. நெஞ்சில் வருவது வாயுவைத் தவிர வேறொன்றாக இருக்கலாம் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. 2021 தொடக்கத்தில் ஓர் இரவு என் பெரியப்பா மகன் இந்த மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். "வாயு புடிச்சிருக்குது அம்மிணி, ரெண்டு ஏப்பம் வந்தாச் சரியாப் போயிரும்" என்று போனில் என்னிடமே சொன்னார். விடிவதற்குள் போய்விட்டார். அண்ணனுக்கு வயது 49. பத்து வருடமாகச் சர்க்கரை, சிகரெட்டும் உண்டு.

அதே ஆண்டு எனக்கும் சர்க்கரை பார்டரில் நிற்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. எனக்கு அப்போது 44. வங்கி வேலை, நாளெல்லாம் நாற்காலி. வடவள்ளியில் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஜிம்மில் சேர்ந்தேன். சேர்ந்து ட்ரெட்மில் பழகி வரும் சமயத்தில், அக்டோபர் 29 அன்று, கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்த செய்தி வந்தது. 46 வயது, கட்டான உடம்பு; காலையில் உடற்பயிற்சி முடித்தபின் உடம்பு சரியில்லை என்று மருத்துவமனைக்குப் போனவர். அடுத்த ஒரு வாரம் கோயம்புத்தூரின் எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே பேச்சு: ஜிம்முக்குப் போனால் நெஞ்சு வெடிக்கும். எங்கள் குழுவில் எனக்கென்று தனியாகவே இரண்டு மூன்று பேர் அனுப்பினார்கள்.

நான் பயந்து நிறுத்தவில்லை. போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் போகிற ஆள் மாறிவிட்டேன். அதுவரை ட்ரெட்மில்லில் ஏறினால் காதில் பாட்டு ஓடும். இப்போது இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச். அதில் எண் 110 ஆனால் ஏன் 110 என்று பார்ப்பேன், பார்த்ததும் 118 ஆகும்.

அப்படி ஒரு காலையில்தான் அது வந்தது. நடை தொடங்கிச் சில நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. வேகம் சாதாரண நடை வேகம்தான். இடது மார்பில் ஊசியால் குத்தியது மாதிரி ஒரு சுருக். உடனே துடிப்பு தொண்டைக் குழிக்கு ஏறியது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. இன்னும் இழுத்தேன், இன்னும் போதவில்லை. உதட்டைச் சுற்றி விறுவிறுவென்றது. விரல் நுனிகள் மரத்துப்போயின. ஸ்பீக்கரில் ஓடிய பாட்டு பக்கத்து வீட்டில் ஓடுவதாகக் கேட்டது. சாகப்போகிறேன் என்று தெரிந்தது. 'தோன்றியது' என்று எழுதக் கை வரவில்லை. அந்த நேரத்தில் அது தெரிந்த சங்கதி.

பயிற்சியாளர் தம்பி ஓடிவந்தார். "அக்கா, வெறும் வயித்துலயா வந்தீங்க?" வாழைப்பழம், குளுக்கோஸ் தண்ணீர், மின்விசிறி. அவர் கேட்டதில் தப்பில்லை. சர்க்கரை இறங்கினாலும் வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் இப்படித்தான் வரும். ஆனால் நான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவள். அரைமணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அடிபட்டவள் மாதிரி ஓர் அசதி மட்டும் மாலைவரை இருந்தது.

அன்றே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தாளைத் தூக்கிப் பார்த்த இளம் மருத்துவர், "ஒண்ணுமில்லைங்க, டென்ஷன்" என்றார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். அவ்வளவுதான். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, சில நாள்.

இப்போது யோசித்தால், அந்த ஒரு தாளிலிருந்து அந்த முடிவுக்கு வர முடியாது என்பது தெரிகிறது. வழக்கமான ஈ.சி.ஜி.யில் பதிவாவது சுமார் 10 விநாடித் துடிப்பு. படுத்திருக்கும்போது, வலி இல்லாதபோது எடுக்கப்படுவது. ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கும் ஓய்வில் அது சாதாரணமாக வரலாம். மேலும் ஒருவருக்குப் பயம் இருக்கிறது என்பதாலேயே அவருக்கு நோய் இல்லை என்று ஆகிவிடாது. பயந்தவர்களுக்கும் நோய் வரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவது பெண்ணாக இருந்தால் 'டென்ஷன்' என்ற பதில் சற்று வேகமாகவே வருகிறது என்பது என் கருத்து. நானும் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வந்து, அடுத்து வந்த எல்லாவற்றையும் அதிலேயே போட்டேன். வங்கியில் இரண்டாம் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது: டென்ஷன். தலை கிறுகிறுத்தது: டென்ஷன். துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போய் நடுப்படியில் நின்றேன்: அதுவும்.

என் அத்தைதான் விடவில்லை. "மூஞ்சி வெளுத்துப் போயிக் கெடக்குது, இது என்ன டென்சனோ சாமி, அந்தம்மாகிட்ட ஒருக்காக் காட்டிட்டு வா" என்றார். அந்தம்மா என்றால் எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக மருத்துவம் பார்க்கும் பொதுமருத்துவர். அறுபது தாண்டியவர். வீட்டு முன்னறைதான் கிளினிக். அங்கே டோக்கன் கிடையாது, அதனால் அவசரமும் கிடையாது.

அவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதற்கு முன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜிம்மில் வந்தது முதலில். எங்கே வலித்தது, காட்டுங்கள் என்றார். நான் ஒரு விரலால் இடது மார்பில் ஒரு புள்ளியைத் தொட்டேன். அந்த இடத்தை அழுத்தி, இப்போது வலிக்கிறதா என்றார். கையை விரித்து நெஞ்சு முழுக்க வைத்தோ, முட்டியை மடக்கி நடு நெஞ்சில் வைத்தோ காட்டுபவர்களைப் பற்றித் தனக்குக் கவலை அதிகம் என்று சொல்லிவிட்டு, "ஆனா இதை வெச்சு மட்டும் முடிவு கட்டமாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். தாடைக்கோ கைக்கோ பரவியதா? நின்றதும் போனதா, நின்ற பிறகும் ஏறியதா? எத்தனை நிமிடம்? டக்கென்று தொடங்கி டக்கென்று நின்றதா, மெல்ல ஏறி மெல்ல இறங்கியதா? உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போது வந்திருக்கிறதா? தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறதா? நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்ததுண்டா? வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார். என் பயத்துக்குக் காரணமாக மட்டும் அவர் அதை எழுதவில்லை. ரத்த உறவில் இள வயது மாரடைப்பு என்பது என் இதயத்தைச் சோதிக்கவும் ஒரு காரணம்.

டக்கென்று தொடங்குவது பற்றி ஏன் கேட்டார் என்பது பிறகு புரிந்தது. இதயத்தின் மின்சுற்றில் ஒருவகைக் கோளாறு இருப்பவர்களுக்குத் துடிப்பு ஒரே விநாடியில் 160, 180 என்று தாவும். அப்படியே ஒரு விநாடியில் இறங்கும். நடுவில் வியர்வை, மூச்சுத் திணறல், சாவு பயம் எல்லாம் உண்டு. 1997-இல் அமெரிக்க மருத்துவர்கள் அந்தக் கோளாறு உள்ள 107 பேரை ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினருக்கு, திடீர் திடீரெனப் பயம் வந்து தாக்கும் பீதி நோய்க்கான அடையாளங்கள் அப்படியே பொருந்தின. நெடுநாள் அவர்களில் பலருடைய நோய் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தது. மனப்பதற்றம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பெண்கள் அதிகம். ஆக, அறிகுறிப் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பதால் பிரயோசனம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பட்டியல்தான்.

பிறகு மாடிப்படி பற்றிக் கேட்டார். அது ஜிம்மில் வந்தது மாதிரியா இருக்கிறது என்றார். அதுவரை நான் இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்த்ததே இல்லை. யோசித்தால், மாடியில் ஊசி குத்தவில்லை, விரல் மரக்கவில்லை, சாவு நினைப்பும் இல்லை. வெறுமனே மூச்சு வாங்கியது. முதல் மாடியில் கொஞ்சம், இரண்டாம் மாடியில் நிறைய. நின்றால் சரியாகிவிடும். என்றைக்கும் அப்படியே.

என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மாதவிலக்கு எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டார். அடுத்த நாள் வந்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.7. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். நம் நாட்டில் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். மூச்சு வாங்குகிறது என்று வரும் ஒரு பெண்ணுக்கு ஈ.சி.ஜி.யோடு இந்த ஒரு பரிசோதனையையும் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? தைராய்டும் பார்த்தார், அது கூடினாலும் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எடை குறைதல் என்று அச்சாகப் பதற்றம் மாதிரியே இருக்கும். எனக்கு அது சரியாக இருந்தது.

கர்ப்பப்பையில் சின்னக் கட்டி இருந்தது, அதற்கு வைத்தியம் நடந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம். சாப்பிட்டதும் டீ குடிக்கக் கூடாது என்பதுதான் அதில் கஷ்டமான பகுதி. அதுவரை ஜிம் வேண்டாம், வீட்டைச் சுற்றி மெதுநடை போதும் என்றார் டாக்டரம்மா. எக்கோ எடுத்ததில் வால்வும் தசையும் நன்றாக இருந்தன. ட்ரெட்மில் பரிசோதனையை ரத்தம் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ரத்தம் ஏறியது. 11.8 வந்தபோது வங்கியின் இரண்டாம் மாடி வெறும் இரண்டாம் மாடியாக இருந்தது. பேசிக்கொண்டே ஏறினேன். அந்தச் சந்தோஷத்தில் ஜிம்முக்குப் போனேன். ட்ரெட்மில் கைப்பிடியைப் பிடித்ததும், பெல்ட் நகர்வதற்கு முன்பே, உதடு விறுவிறுத்தது.

என்னிடம் இருந்தது ஒன்றல்ல, இரண்டு என்று உடம்பே பிரித்துக் காட்டிய இடம் அது. ஒன்று மாத்திரைக்குப் போய்விட்டது. அது படிக்கட்டோடு கணக்கு வைத்திருந்தது: இத்தனை படிக்கு இவ்வளவு மூச்சு. மற்றது எந்த உழைப்போடும் கணக்கு வைக்கவில்லை. பெல்ட் ஓடாதபோதும் வந்தது. இரவு சோபாவில் உட்கார்ந்து அண்ணன் வீட்டு விசேஷத்தைப் பற்றிப் பேசும்போதும் வந்தது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு நடந்த நாளில் வரவில்லை.

சரி, ட்ரெட்மில் பரிசோதனை. நம் ஆஸ்பத்திரிகளில் டி.எம்.டி. என்பார்கள். பெரும்பாலும் பின்பற்றுவது ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் 1960களில் வகுத்த முறை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றம். இரண்டாவதில் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாவதில் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தைத் தொட வேண்டும். என் கணக்குக்கு 150.

ஏறுவதற்கு முன் கையெழுத்து வாங்கினார்கள். பரிசோதனையின்போது மாரடைப்போ மரணமோ நேரக்கூடும் என்ற வரியின் கீழே என் கையெழுத்து. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி நிற்க வைத்ததும் திரையில் துடிப்பு 118. சும்மா நிற்பதற்கு! முதல் கட்டம் கிட்டத்தட்ட சாமி ஊர்வல நடை. அதில்தான் எல்லாம் வந்தது: ஊசி, மூச்சு முட்டல், மரத்துப்போன விரல். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற டாக்டர் தாளைப் பார்த்தபடி, "வலி எத்தனை, பத்துக்குச் சொல்லுங்க" என்றார். ஏழு என்றேன். "கோடு சுத்தமா இருக்கும்மா. முடிஞ்சா நடங்க, முடியலைன்னா சொல்லுங்க, உடனே நிறுத்திடறேன்."

நடந்தேன். ஏற்றம் கூடியது. தொடை எரிந்தது, முதுகில் வியர்வை வழிந்தது. மூன்றாம் கட்டத்தில் துடிப்பு 150-ஐத் தாண்டியது. டாக்டர் மறுபடி வலி எத்தனை என்றார். எனக்குப் பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது, ஏனென்றால் தேட வேண்டியிருந்தது. வலி இல்லை. ஊர்வல நடையில் ஏழு, என் வாழ்நாளிலேயே அதிகமாக இதயம் உழைத்த அந்த நிமிடத்தில் ஒன்றுமில்லை. இதய ரத்தக் குழாயில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக நடக்கும். ஏற்றம் கூடக் கூட, தசை கேட்கும் ரத்தத்தைக் குறுகிய குழாயால் கொடுக்க முடியாது. வலியோ இறுக்கமோ கூடும். நிறுத்தினால் சில நிமிடத்தில் இறங்கும். என்னுடையது ஏற்றத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

இந்தப் பரிசோதனையும் பிரம்ம வாக்கல்ல. பெண்களுக்கு இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டுவது கொஞ்சம் அதிகம். இருக்கும் அடைப்பைத் தவறவிடுவதும் உண்டு. என் வயது, கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள், எக்கோ, இது எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்ததால்தான் டாக்டரம்மா, "இனி இதயத்தைச் சந்தேகப்பட வேண்டாம்" என்றார். கூடவே, புதிதாக ஏதாவது மாதிரி மாறி வந்தால் பழைய ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்காதே என்றும் சொன்னார்.

அப்படியென்றால் மிச்சம் இருந்தது பீதி. அப்புறம் அதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். இது ஜிம் காலத்து நோய் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்பியாவில் ஜேக்கப் டாகோஸ்டா என்ற மருத்துவரிடம் சிப்பாய்கள் இதே குறைகளோடு வந்தார்கள்: நடந்தால் படபடப்பு, மார்பில் குத்தல், மூச்சு முட்டல். இதயத்தில் கோளாறு எதுவும் தட்டுப்படாதவர்கள். 1871-இல் அவர் எழுதிய கட்டுரை முந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களைப் பற்றியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படியே திரும்பி வந்தார்கள். தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் அவர்களுக்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி கொடுத்தார். யாரைத் திரும்பப் போருக்கு அனுப்பலாம் என்று பார்க்கும் சோதனையும் அதுவே. பால் வுட் 1941-இல்தான் இது இதய நோயே அல்ல, பெரும்பாலும் பயத்தின் வேலை என்று வாதிட்டார். குண்டு விழும் இடத்தில் இருந்தவன் பயந்தான் என்று சொல்ல எழுபது ஆண்டு ஆகியிருக்கிறது.

இடையில் ஒரு குளறுபடியும் நடந்தது. பதற்ற நோயாளிகளுக்கு லாக்டேட் உப்பை ரத்த நாளத்தில் ஏற்றினால் பீதி வருகிறது என்று 1967-இல் ஒரு ஆய்வு காட்டியது. உடற்பயிற்சியில் தசையிலும் லாக்டேட் கூடும் அல்லவா? ஆகவே இவர்கள் பயிற்சியே செய்யக் கூடாது என்று சிலர் முடிவுகட்டினார்கள். பிற்பாடு அது எடுபடவில்லை. 1998-இல் ஜெர்மனியில் பீதி நோயாளிகளைப் பத்து வாரம் ஓடவிட்டுப் பார்த்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் தெளிவாகத் தேறினார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் இன்னும் சீக்கிரம் தேறினார்கள்.

உதடு விறுவிறுப்பதற்கான காரணமும் பிடிபட்டது. ஓடும்போது உடம்பு கரியமில வாயுவை நிறைய உண்டாக்குகிறது. வேகமான மூச்சு அதை வெளியேற்றத்தான். சும்மா நிற்கும்போது அதே வேகத்தில் மூச்சு விட்டால், உண்டாவதைவிட அதிகமாக வெளியே போய்விடும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும், அதனால் நரம்புகள் சிலிர்க்கும். மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும். மூச்சு போதவில்லை என்று இன்னும் இழுத்தால் இன்னும் மோசமாகும். ட்ரெட்மில்லில் ஏறுவதற்கு முன்பும், இறங்கி நின்ற பின்பும் எனக்கு அதிகமாக வந்ததன் சூட்சுமம் இதில் இருந்தது.

டாக்டரம்மா அனுப்பிய உளவியல் ஆலோசகர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மூச்சுப் பயிற்சியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது தலைகீழ். எதைக் கண்டு பயமோ அதை நாமே வரவழைக்க வேண்டும். இதயம், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் எதுவும் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே இதை ஆரம்பிப்பார்களாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு. நின்ற இடத்தில் ஒரு நிமிட ஓட்டம். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்று. தொடங்கும் முன் எவ்வளவு பயம், முடிந்தபின் உண்மையில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். நான் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அத்தை காபியோடு உள்ளே வந்தார். "இதுக்குத்தான் அந்தம்மா ஆயிரம் ரூவா வாங்குதா? நம்ம தேர்க்கடைக்குப் போனா இருவது ரூவாய்க்குச் சுத்தி உடுவான்" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்று பயம் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை.

வாட்சைக் கழற்றச் சொன்னார் ஆலோசகர். குளுக்கோஸ் பொட்டலத்தையும், கதவுக்குப் பக்கத்து ட்ரெட்மில்லையே தேடுவதையும், கணவரை வாசலில் வண்டியோடு நிறுத்திவைப்பதையும் ஒவ்வொன்றாக விடச் சொன்னார். வாட்ச்தான் கடைசியாகப் போனது. பீதி வந்தால் பெல்ட்டை நிறுத்தி ஓடிவராமல், வேகத்தைக் குறைத்து நடந்துகொண்டே இருக்கப் பழகினேன். வந்தது, சில நிமிடத்தில் உச்சிக்குப் போனது, நான் ஒன்றும் செய்யாமலே இறங்கியது. அடுத்த தடவை அவ்வளவு உயரம் போகவில்லை. மாதக்கணக்கில் ஆனது, நடுவில் இரண்டு மூன்று மோசமான வாரங்களும் இருந்தன.

அடுத்த ஆண்டு மருதமலைப் படி ஏற ஆரம்பித்தேன். அடிவாரத்தில் தான்தோன்றி விநாயகரைக் கும்பிட்டு, எண்ணூறுக்கு மேற்பட்ட படிகள். ஞாயிறுகளில் எங்களோடு ஏறும் கூட்டத்தில் ஒரு பெரியவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பயம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன். சில வாரமாக இடும்பன் சந்நிதியை நெருங்கும்போது நின்றார். "நெஞ்சுல ஒரு அடைப்புங்க, ரெண்டு நிமிசம் நின்னா உட்டுப்போகுது. காத்தால பலகாரம் தின்னுபோட்டு ஏறறனுங்க, அந்த வாயு." முகத்தில் கவலையே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. அவர் சொன்னது அத்தனையும் என்னிடம் அந்த டாக்டரம்மா கேட்டு, நான் இல்லை இல்லை என்று பதில் சொன்னவை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே இடம். ஏற்றத்தில் வருகிறது, நின்றால் போகிறது, சாப்பிட்ட பின் அதிகம். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1772-இல் வெளியான தன் கட்டுரையில் இந்த நெஞ்சுவலியை விவரித்தது ஏறக்குறைய இப்படித்தான்: நடக்கையில், அதுவும் மேட்டில் ஏறுகையில், சாப்பிட்ட பிறகு வரும், நின்றால் மறையும். அன்று அவரை மேலே ஏறவிடவில்லை. "ஏனுங்கம்மிணி, முருகன் கூப்பிடறான், நீங்க தடுக்கறீங்களே" என்று சலித்துக்கொண்டே இறங்கினார். அவர் மகனுக்குப் போன் போட்டு அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆஞ்சியோவில் இரண்டு குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது தனக்குச் சொன்ன அளவில் சமதளத்தில் நடக்கிறார், சோடாவை விட்டுவிட்டார்.

சாவு பயத்தோடு சுருண்டு விழுந்த எனக்கு இதயம் நன்றாக இருந்தது. சிரித்துக்கொண்டு நின்ற அவருக்கு அடைத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு பயமாக இருக்கிறது என்பதை வைத்து நோயை அளக்க முடியாது. பயமே இல்லை என்பதை வைத்தும் முடியாது. சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்கு வலிகூடச் சரியாக வராது, வெறும் அசதியும் மூச்சு வாங்கலுமாக வந்து போகும். என் அண்ணனுக்கு எது எப்போதிலிருந்து இருந்ததோ.

உடற்பயிற்சியில் உங்களுக்கு இப்படி ஏதாவது வந்தால், அந்த இடத்திலேயே நின்று பயமா நோயா என்று தீர்ப்பு எழுத முயலாதீர்கள். முதல் தடவை என்றால் மருத்துவரிடம் போங்கள். ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது, டென்ஷன்தான் என்றால், ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். ட்ரெட்மில் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. ஓய்விலும் விடாத நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் சோடா வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எல்லாம் சோதித்து உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் படபடப்பு விடவில்லை என்றால், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் மனநலச் சேவையை இரவிலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.